குடிக்கப் போகும் இரவில் பணமும் கார்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நண்பர்கள் வட்டத்தில் நடுராத்திரியில் யாருக்காவது பர்ஸ் தொலைந்தால் போன் எனக்குத்தான் வரும். நான் பெரிய நிபுணன் என்பதால் அல்ல. ஒரு காலத்தில் அதிகமாகத் தொலைத்தவன் நான்: இரண்டு பர்ஸ், ஒரு போன், கணக்கில் வராத குடைகள். வருகிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

குடிக்கலாமா, எவ்வளவு குடிக்கலாம் என்பதற்குள் நான் போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது தெளிவாக இருக்கிறவர், திரும்பி வந்து அதே பூட்டில் சாவியை நுழைக்கத் திணறப்போகிறவருக்காக என்ன ஏற்பாடு செய்துவைக்கலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

எவ்வளவு பணம் கையில எடுத்துட்டுப் போகணும்?

அன்றைக்குச் செலவு செய்ய நினைக்கும் தொகை, வீடு திரும்ப வண்டிக்கு ஆகும் தொகை, அதற்கு மேல் கொஞ்சம். அவ்வளவு போதும். வண்டிக் காசை மட்டும் தனியாக வேறு ஒரு பாக்கெட்டில் மடித்து வைத்து, அதை மறந்துவிடுங்கள். செலவுக் காசோடு அதுவும் ஒன்றாக இருந்தால் கடைசி ரவுண்டில் கரைந்துவிடும், எனக்கு நடந்திருக்கிறது. ஒரு முறை ஒன்றரை மணி நேரம் நடந்து வீடு போய்ச் சேர்ந்தேன்.

நோட்டுகளைச் சிறியதாக மாற்றிக்கொள்ளுங்கள். மங்கல் வெளிச்சத்தில், சத்தத்துக்கு நடுவே, பெரிய நோட்டை நீட்டி மீதியை எண்ணி வாங்குகிற நிதானம் நேரம் போகப் போக இருக்காது.

பர்ஸை அப்படியே எடுத்துட்டுப் போனா என்ன? எல்லாம் அதுலதானே இருக்கு?

எல்லாம் அதில் இருப்பதுதான் பிரச்சினை. பர்ஸ் தொலைந்தால் பணம் போனது ஒரு நாள் வருத்தம். மூன்று கார்டு, ஓட்டுநர் உரிமம், அலுவலக அட்டை எல்லாவற்றையும் திரும்ப வாங்க அலைவது ஒரு மாத வருத்தம். கிளம்பும் முன் பர்ஸைக் காலி செய்து, ஒரு கார்டு, தேவைப்பட்டால் ஒரே ஒரு அடையாள அட்டை, பணம் என்று மட்டும் எடுங்கள். பழைய பில்லும் தாத்தாவின் போட்டோவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. வீட்டு முகவரி போட்ட அடையாள அட்டையும் வீட்டுச் சாவியும் ஒரே பையில் இருக்கக் கூடாது. கிடைத்தவனுக்கு வழியும் திறப்பும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா?

என் ஓட்டு கிரெடிட் கார்டுக்கு, அதுவும் லிமிட் குறைத்துவைத்த கிரெடிட் கார்டுக்கு. அதில் தவறாகப் பணம் போனால் வங்கியின் பணம் போகிறது, நீங்கள் கட்டும் முன் சண்டை போட அவகாசம் இருக்கிறது. டெபிட் கார்டில் உங்கள் கணக்கில் இருந்தது போய்விடும். புகார் முடிந்து திரும்ப வரும்வரை வாடகையும் தவணையும் காத்திருக்காது.

கிரெடிட் கார்டு இல்லையென்றால், சம்பளக் கணக்கோடு ஒட்டாத சின்னக் கணக்கு ஒன்றின் டெபிட் கார்டையோ, பணம் போட்டுப் பயன்படுத்தும் ப்ரீபெய்டு கார்டையோ எடுங்கள். எந்தக் கார்டானாலும் வங்கி ஆப்பில் ஒரு நாள் லிமிட்டைக் குறைக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சாயங்காலமே செய்யுங்கள். செலவு நடந்த உடனே செய்தி வரும்படி வைத்திருப்பதும் நல்லது.

எந்தப் பாக்கெட்ல வைக்கிறது?

முன் பாக்கெட், முடிந்தால் ஜிப் உள்ளது. பின் பாக்கெட் வேண்டவே வேண்டாம். திருடன் எடுக்கிறானோ இல்லையோ, உயர்ந்த ஸ்டூலில் ஏறி இறங்கும்போது தானாகவே நழுவும். கார்டு ஒன்றின் எடை சுமார் ஐந்து கிராம், தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. விழுந்தால் சத்தமும் கேட்காது, பாரம் குறைந்ததும் தெரியாது.

யாராவது உங்கள் மேல் மதுவைக் கொட்டிவிட்டுத் துடைக்க வந்தாலோ, முன்பின் தெரியாதவர் கட்டிப்பிடித்து ஆடக் கூப்பிட்டாலோ, கை முதலில் பாக்கெட்டுக்குப் போகட்டும். பெரும்பாலும் அவர் நிஜமாகவே நட்பாகத்தான் வந்திருப்பார். அதனால் முகத்தில் சிரிப்பை மாற்ற வேண்டியதில்லை, கையை மட்டும் அங்கே வைத்தால் போதும்.

என் டிரெஸ்ல பாக்கெட்டே கிடையாது. கைப்பைதான். அதை எங்க வைக்கிறது?

உடம்பில் குறுக்காக மாட்டும் பை, ஜிப் உடம்புப் பக்கமாக, கழற்றாமல். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நாற்காலியின் முதுகில் தொங்கவிடாதீர்கள், மேஜைக்கு அடியிலும் வைக்காதீர்கள். பை வாரை உங்கள் தொடையைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு மடியில் வையுங்கள். கழிப்பறைக்குப் போகும்போது "கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவரும் குடித்திருக்கிறார்.

போன்லயே பே பண்ணிடலாமே, கார்டு எதுக்கு?

நல்ல யோசனைதான். போனில் சேர்த்துவைத்த கார்டைத் தட்டிப் பணம் கொடுக்கும்போது, உங்கள் உண்மையான கார்டு எண் கடைக்குப் போவதில்லை, அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண்தான் போகிறது. பெரும்பாலும் முகமோ விரலோ பாஸ்கோடோ காட்டினால்தான் பணம் நகரும். அந்த வகையில் பிளாஸ்டிக் கார்டைவிடப் பாதுகாப்பு அதிகம்.

ஆனால் சார்ஜ் தீர்ந்தால் பணமும் இல்லை, வண்டி கூப்பிடவும் வழியில்லை. அதனால் ஒரு கார்டு போனை விட்டுத் தனியாக இருக்கட்டும். போன் உறைக்குள் கார்டைச் செருகிவைப்பது அழகாக இருக்கும், ஆனால் போன் போகும்போது கார்டும் கூடவே போகும்.

கார்டைக் கவுன்டர்லயே வாங்கி வெச்சுக்கறாங்க, கடைசியில மொத்தமா பில் போடலாம்ங்கறாங்க. கொடுக்கலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஒவ்வொரு முறையும் அப்போதைக்கப்போது கட்டுவதில் இரண்டு லாபம். கார்டு கண்ணை விட்டு மறையாது, எவ்வளவு செலவாகிறது என்பதும் தெரியும். கடைசியில் நீளமான பில் வரும்போது அதைப் படித்துச் சரிபார்க்கும் நிலையில் நீங்கள் இருக்கப்போவதில்லை. குடித்தது ரத்தத்தில் உச்சத்துக்கு ஏற அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ஆகும். கல்லீரலோ மணிக்குச் சுமார் ஒரு சின்ன பெக் அளவு மதுவைத்தான் கழிக்கிறது. அதனால் கடைசி கிளாஸை வைத்த பிறகும் போதை ஏறிக்கொண்டே இருக்கும், பில் வருவது சரியாக அந்த நேரத்தில்தான்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கிளம்பும்போது வாங்குவதற்கு ஒரு நினைவூட்டலை போனில் அலாரமாக வையுங்கள். மறந்து விட்டுவந்த கார்டு மறுநாள் அதே கவுன்டரில் பத்திரமாக இருப்பதுதான் வழக்கம். ஆனாலும் திரும்பக் கிடைக்கும்வரை ஆப்பில் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.

கம்மியாதான் குடிச்சேன். ஆனா ரெண்டு தடவை பணம் போன மாதிரி காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

அவசரப்பட வேண்டாம். மேலே சொன்ன மாதிரி கார்டை வாங்கிவைத்து பில் கணக்கைத் தொடங்கும்போது சில இடங்களில் ஒரு தொகையைத் தற்காலிகமாகப் பிடித்துவைப்பார்கள். பிறகு உண்மையான பில் தனியாகப் போகும். பிடித்துவைத்தது சில நாட்களில் தானாக விடுபடும். ஆப்பில் 'நிலுவையில்' என்பது போலக் காட்டினால் பெரும்பாலும் அதுதான். ஒரு வாரம் கழித்தும் இரண்டும் நிற்கின்றன என்றால் வங்கியிடம் கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பாரின் பெயர் ஒன்றாகவும் கணக்கில் தெரியும் பெயர் வேறாகவும் இருக்கும், ஏனென்றால் பதிவு செய்த நிறுவனத்தின் பெயர்தான் அங்கே வரும். புகார் கொடுக்கும் முன் நேரத்தையும் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாரை நடத்தும் நிறுவனத்தைத் திருடன் என்று வங்கியிடம் சொல்லிவிட்டுப் பிறகு அசடு வழிந்த நண்பர் எனக்கு இருக்கிறார்.

பின் நம்பர் மறந்துடும்னு ஒரு சின்னச் சீட்டுல எழுதி பர்ஸ்ல வெச்சிருக்கேன். தப்பா?

தப்புதான். பின் நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் சாத்தியங்கள், தவறாக ஒரு சில முறை போட்டாலே பெரும்பாலான வங்கிகளில் கார்டு முடங்கும். இந்தக் கணக்குதான் உங்களைக் காப்பாற்றுகிறது. சீட்டு அதை ஒரே முயற்சியாகச் சுருக்கிவிடுகிறது. சீட்டில் எழுதியதைக் காரணம் காட்டி வங்கி நஷ்ட ஈட்டை மறுக்கவும் வாய்ப்பிருக்கிறது.

நான்கு இலக்கத்துக்கே ஒரு கதை உண்டு. 1967-ல் லண்டனில் பார்க்ளேஸ் வங்கிக்காக முதல் பணம் தரும் இயந்திரத்தை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பாரன், ஆறு இலக்கம் வைக்கத்தான் நினைத்தாராம். சமையலறை மேஜையில் உட்கார்ந்து மனைவியிடம் கேட்டபோது, தன்னால் நான்குதான் நினைவில் வைக்க முடியும் என்று அவர் சொல்லிவிட்டார். ஆக, போதையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒருவரின் ஞாபகத்துக்கு ஏற்ப வைத்த எண் அது. மறந்தே போனால் போகட்டும், கையில் இருக்கும் நோட்டும் வண்டிக் காசும் அதற்குத்தான்.

தட்டினாலே பணம் போற கார்டு பயமா இருக்கு. கூட்டத்துல யாராவது மெஷினை ஒட்டி வெச்சுப் பணம் எடுத்துடுவாங்களா?

இந்தப் பயத்தை விற்றே சிலர் கார்டின் சிக்னலைத் தடுக்கும் பர்ஸ் விற்கிறார்கள். தட்டும் கார்டு சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் பேசும். மெஷின் ஒரு வணிகக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும், அதாவது திருடன் தன் முகவரியைத் தானே பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் சிப் புதிதாக ஒரு சங்கேத எண்ணை உருவாக்குவதால், இடையில் ஒட்டுக்கேட்டதை வைத்து அந்தக் கார்டை நகல் எடுக்கவும் முடியாது. உலோகப் பூச்சுள்ள பர்ஸ் வைத்திருந்தால் வைத்திருங்கள், இல்லையென்றால் வாங்க வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து கார்டு தொலைந்த பிறகுதான். சிறு தொகைகளுக்கு பின் நம்பர் கேட்காது, கண்டெடுத்தவன் பல கடைகளில் தட்டிக்கொண்டே போகலாம். ஆப்பில் தட்டும் வசதியை அணைக்கவோ அதன் லிமிட்டைக் குறைக்கவோ முடிந்தால் செய்துவிடுங்கள்.

ராத்திரி காசு தீர்ந்துடுச்சுன்னா ஏடிஎம் போகலாமா?

காசு தீர்ந்தது என்பதை வீட்டுக்குப் போகும் சைகையாக எடுத்துக்கொள்பவன் நான். போகத்தான் வேண்டுமென்றால் வங்கிக்கு உள்ளேயோ வெளிச்சமான கட்டடத்துக்குள்ளேயோ இருக்கும் இயந்திரம், கூட ஒருவர், பின் போடும் கையை இன்னொரு கை மூடியபடி. கார்டு செருகும் இடம் ஆடினாலோ பெயர்ந்தமாதிரி இருந்தாலோ வேறு இயந்திரம் பாருங்கள். உதவி செய்ய முன்வரும் அந்நியர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் கார்டு அவர் கைக்குப் போகக் கூடாது. அதே வங்கியின், அதே நிறக் கார்டை மாற்றிக் கொடுப்பது பழைய வித்தை. உங்கள் பின்னைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் செய்வார்கள்.

குடிக்காத நண்பன் ஒருத்தன் வர்றான். எல்லாரும் கார்டை அவன்கிட்ட கொடுத்துடலாமா?

ஆறு பேரின் கார்டு ஒரே பாக்கெட்டில் என்பது ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. அவரிடம் கொடுக்க வேண்டியது உங்கள் கார்டை அல்ல, உங்கள் சொல்லை: "பன்னிரண்டு மணிக்கு மேல நான் காசு எடுக்கணும்னா தடு." பின்னைச் சொல்லி அவரை எடுத்துவரச் சொல்வதும் வேண்டாம். நட்பில் சந்தேகம் இல்லை. ஆனால் நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் பின்னைப் பகிர்ந்தவர் நீங்கள் என்று வங்கி சொல்லும்.

எனக்கு ஏறிட்டா எல்லாருக்கும் நானே வாங்கிக் கொடுத்துடுவேன். காலைல அழுவேன். இதுக்கு என்ன வழி?

தொலைத்ததைவிட இப்படிக் கொடுத்துத் தீர்த்ததுதான் எங்கள் கூட்டத்தில் அதிகம் என்று நினைக்கிறேன். இதற்குத் திருடன் தேவையில்லை. போதையில் கை தாராளமாகும், அந்த நேரத்தில் அது நல்ல குணமாகவே தோன்றும், தடுக்க வருபவன் கஞ்சனாகத் தெரிவான்.

அதனால் தடுப்பு முன்கூட்டியே இருக்க வேண்டும். மேலே சொன்ன ஒரு நாள் லிமிட் இதற்கு நன்றாக வேலை செய்கிறது. ஏறிய பிறகு அதை உயர்த்த ஆப்பில் நுழைய வேண்டும், கடவுச்சொல் போட வேண்டும், ஓடிபி தேட வேண்டும், அதற்குள் ஆசை ஆறிவிடும். இன்னும் எளிய வழி, வெறும் நோட்டு மட்டும் கொண்டுபோவது. ஒருவருக்கொருவர் ரவுண்டு வாங்கும் பழக்கம் இருந்தால், ஆளுக்கு இவ்வளவு என்று ஆரம்பத்திலேயே பொதுவில் போட்டு, அது தீர்ந்ததும் எழுந்துவிடுவது சண்டையில்லாத வழி. ஆட்கள் அதிகமான கூட்டத்தில் ரவுண்டு முறை பாதிப் பேரை விருப்பத்துக்கு மேல் குடிக்கவும் வைக்கும். கணக்கு நேராக வேண்டும் என்பதற்காகவே எட்டாவது கிளாஸைக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போனைப் பிடுங்கிட்டா லாக் இருக்கே, என்ன பண்ணிட முடியும்?

பாஸ்கோடு தெரியாத வரை அதிகம் முடியாது. ஆனால் பார் மாதிரி நெருக்கமான இடத்தில் நீங்கள் அதைப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பிறகு போனை எடுக்கிற வகைத் திருட்டும் உண்டு. பாஸ்கோடு தெரிந்தால் போன் மட்டுமல்ல, வங்கி ஆப்பும் மின்னஞ்சலும் சேர்ந்தே போகலாம். அதனால் வெளியே இருக்கும்போது முகத்தாலோ விரலாலோ திறங்கள். வங்கி ஆப்புக்கு போன் பாஸ்கோடு அல்லாத வேறு எண் வையுங்கள். ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 17.3 முதல் திருட்டுப் பாதுகாப்பு வசதி இருக்கிறது. பழக்கமில்லாத இடத்தில் முக்கிய அமைப்புகளை மாற்ற, முகம் அல்லது விரலோடு ஒரு மணி நேரக் காத்திருப்பும் கேட்கும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில், கையிலிருந்து பிடுங்கி ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதி உண்டு. இரண்டும் அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்க வேண்டியதாக இருக்கலாம், பார்த்துவிடுங்கள்.

சிம்மை மறந்துவிடாதீர்கள். போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி அங்கே வரும். சிம்முக்கும் ஒரு பின் வைக்கலாம். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அதைத் திறக்க சிம் நிறுவனம் தரும் பியுகே எண் வேண்டும், அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும். பின் வைக்கும் முன் அந்த பியுகே எண்ணை வீட்டில் எழுதிவையுங்கள், இல்லையென்றால் திருடனுக்கு வைத்த பொறியில் நீங்களே விழுவீர்கள்.

நான் தூங்கிட்டா என் விரலையே வெச்சுத் திறந்துடுவாங்களே?

முடியும். விரல்ரேகைக்கு நீங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை. ஐபோனின் முகத் திறப்பு, அமைப்பை மாற்றாத வரை, கண் திறந்து பார்த்தால்தான் ஏற்கும். மற்ற போன்களில் எப்படி என்று வீட்டில் கண்ணை மூடிச் சோதித்துப் பாருங்கள். வண்டியில் ஏறித் தூங்கிவிடுவோம் என்று தோன்றினால், ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து சில நொடி அழுத்துங்கள், அடுத்த முறை பாஸ்கோடுதான் கேட்கும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பவர் மெனுவில் இதே வேலைக்கு லாக்டவுன் என்ற தேர்வு இருக்கும்.

யாராவது மிரட்டிக் கேட்டா?

கொடுத்துவிடுங்கள். இதுவரை சொன்ன ஏற்பாடு எல்லாம், அந்த நேரத்தில் கொடுக்கக் கை தயங்காமல் இருக்கத்தான்.

காலைல எழுந்தா கார்டைக் காணோம். முதல்ல என்ன பண்றது?

முதலில் ஆப்பில் தற்காலிக நிறுத்தம். இது ஒரு நிமிட வேலை, கார்டு கிடைத்தால் திரும்ப இயக்கலாம். பிறகு பொறுமையாகத் தேடுங்கள்: நேற்றைய சட்டை, காலணி, கட்டிலுக்கு அடி, வந்த வண்டி, போன இடம். தெரியாத செலவு ஒன்று கண்ணில் பட்டாலும் தேடுவதை நிறுத்திவிட்டு வங்கிக்கு போன் செய்து நிரந்தரமாக முடக்குங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும் என்பது பல நாட்டு விதிகளில் பொதுவானது.

பிளாஸ்டிக்கை நிறுத்தினால் போனில் சேர்த்திருக்கும் அதே கார்டும் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், வங்கிக்கு வங்கி மாறும், கேட்டு உறுதி செய்யுங்கள். போன்தான் தொலைந்தது என்றால் வேறு சாதனத்திலிருந்து நுழைந்து, தொலைந்ததாகக் குறித்துப் பூட்டலாம். வங்கியின் அவசர எண் தொலைந்த போனுக்குள் மட்டும் இருந்து பயனில்லை, வீட்டில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

நேத்து என்ன வாங்கினேன்னே ஞாபகம் இல்ல. நான் வாங்கலைன்னு புகார் கொடுத்துடலாமா?

ஞாபகம் இல்லை என்பதும் நான் செய்யவில்லை என்பதும் வேறு வேறு. வேகமாக நிறையக் குடிக்கும்போது, புதிய நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிடும். ஆளோ நடப்பார், பேசுவார், பின் போடுவார். பதியாத நினைவு பிறகு எவ்வளவு யோசித்தாலும் வராது. கூட இருந்தவர்களைக் கேளுங்கள், பில் கேளுங்கள், பின் போட்டு நடந்ததா தட்டி நடந்ததா என்று வங்கியைக் கேளுங்கள். பின் போட்டு, நீங்கள் இருந்த இடத்தில், இருந்த நேரத்தில் என்றால் அது பெரும்பாலும் நீங்கள்தான்.

ஆனால் தொகை பொருந்தாமல் பெரிதாக இருந்தாலோ, நீங்கள் போகாத இடம் என்றாலோ, குடித்த அளவுக்குச் சம்பந்தமில்லாமல் நினைவு போயிருந்தாலோ அது வேறு விஷயம். கிளாஸில் எதையாவது கலந்திருக்கலாம். அப்போது வங்கிக்கு முன் மருத்துவரிடம் போங்கள். சோதனையில் தெரியக்கூடிய நேரம் குறைவு, கார்டை போனிலேயே போகும் வழியில் முடக்கிக்கொள்ளலாம்.

என் கார்டு இல்ல, ஆனா பாக்கெட்ல வேற யாரோட கார்டோ இருக்கு! என்ன செய்ய?

வருடத்துக்கு ஒரு முறையாவது இந்த போன் வருகிறது. கவுன்டரில் கார்டை வாங்கிவைக்கும் இடங்களில், மூடும் நேர நெரிசலில் மாறிப் போவதுதான் காரணம். வேலை செய்கிறதா என்று விளையாட்டுக்குக்கூடத் தட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் கார்டை நிறுத்திவையுங்கள், பாருக்கு போன் செய்து அந்தப் பெயரைச் சொல்லுங்கள், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள் அல்லது கார்டின் பின்னால் இருக்கும் வங்கி எண்ணுக்குச் சொல்லுங்கள். உரிமையாளரைச் சமூக ஊடகத்தில் தேடுகிறேன் என்று கார்டைப் படம் எடுத்துப் போட்டுவிட வேண்டாம். உங்கள் கார்டு இந்நேரம் அவருடைய பாக்கெட்டில்தான் இருக்கும், அவரும் தலைவலியோடு யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பார்.